நன்றி நோட்டு எழுதச் சொன்னால் “இன்னாத்துக்கு?” என்று கேட்கிறார்கள்

குடியாத்தம் மல்லி கேட்டது:

குடியாத்தத்தை ஒட்டிய கிராமத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட மகளிர் குழு. பத்துப் பேர் வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள், இரண்டு பேர் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை வசூல் முடிந்த கையோடு ஒரு மணி நேரம் மனசு விட்டுப் பேசும் கூட்டம் நடக்கிறது. பயிற்சியில் சொன்னபடி ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, தினமும் ஐந்து விஷயத்துக்கு நன்றி எழுதச் சொல்லியாயிற்று.

மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் எல்லா நோட்டிலும் ஒரே பாட்டு: கடவுளுக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, சோறு கிடைத்ததற்கு நன்றி. ஒரு நோட்டில் இருபது நாள் கணக்கையும் ஒரே உட்காரலில் எழுதியிருக்கிறார்கள், கையெழுத்தின் சாய்வுகூட மாறவில்லை. கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒருவர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இன்னாத்துக்கு நன்றி எழுதணும், அவருக்குக் கை கால் வராம போனதுக்கா?” என்றார். யாரிடமும் பதில் இல்லை.

இதை நிறுத்திவிடலாமா, வேறு மாதிரி செய்யலாமா? எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை வரி, எவ்வளவு நேரம்? யாருக்கு இதைத் தரவே கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். “எல்லாம் நன்மைக்கே” என்ற பதில் மட்டும் வேண்டாம், அது ஊரில் இலவசமாகவே கிடைக்கிறது.

பாகாயம் பஸ் (மனநல ஆலோசனைத் துறை):

நோட்டைத் திருப்பிக் கொடுத்தவர்தான் அந்தப் பன்னிரண்டு பேரில் விஷயத்தைச் சரியாகப் பிடித்தவர். கை கால் வராமல் போனதற்கு நன்றி சொல்ல வைப்பது கொடுமை, அதைக் கேட்கவே கூடாது. அந்த நாளில் யார் வந்து தாங்கினார்கள் என்று கேட்கலாம். துன்பம் துன்பமாகவே இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் நின்ற ஆள் யார் என்றுதான் தேட வேண்டும்.

முதலில் அளவு. தினமும் ஐந்து என்பது மாதக்கணக்கில் ஓடாது. இந்தத் துறையில் எல்லோரும் சுட்டிக்காட்டும் 2003ஆம் ஆண்டு ஆய்வில் உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் ஒரு குழுவுக்குக் கொடுத்தது வாரத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து, பத்து வாரம். சோன்யா லுபோமிர்ஸ்கி குழு ஆறு வாரம் செய்து பார்த்ததில் வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. தினமும் கேட்டால் கை தானாக எழுதும், மனசு வராது. 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழு ராத்திரிதோறும் மூன்று நல்ல விஷயம் எழுதச் சொன்னது உண்மைதான். ஆனால் அது ஒரே ஒரு வாரத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் கீழே “இது ஏன் நடந்தது” என்றும் எழுத வேண்டும். அந்த ‘ஏன்’ இல்லாமல் வெறும் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து பல இடங்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். உங்களுக்கு வந்ததும் அதுதான் என்று தோன்றுகிறது.

வாரம் ஒரு முறை, ஆளுக்கு ஒன்று போதும். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆறு வாரம் செய்துவிட்டு இரண்டு வாரம் விடுங்கள்.

அடுத்தது வரிசை. கசப்பு முதலில் வர வேண்டும். பத்து நிமிஷம் நடந்ததை நடந்தபடியே சொல்லட்டும் அல்லது எழுதட்டும், அதில் நல்லது எதையும் நீங்கள் தேடக் கூடாது. “இருந்தாலும்...” என்று யாராவது ஆரம்பித்தால் கை காட்டி நிறுத்துங்கள். அதற்கப்புறம்தான் “அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள்?” என்ற கேள்வி. ஃபிலிப் வாட்கின்ஸ் குழு 2008இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தது. மனசில் மூடாமல் கிடக்கும் ஒரு கெட்ட நினைவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இப்போது நன்றி சொல்லக்கூடியதாக என்ன வந்தது என்று மூன்று அமர்வில் எழுதியவர்களுக்கு, அந்த நினைவு வந்து குடைவது மற்றவர்களைவிடக் குறைந்தது. கவனியுங்கள், அது பழைய நினைவு. நேற்று நடந்ததை வைத்து யாரும் இதைச் செய்யக் கூடாது. சாவு வீட்டிலும், ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் சில வாரங்களிலும் இதை நீட்டாதீர்கள். அப்போது தேவைப்படுவது சாப்பாடு, தூக்கம், கூட ஓர் ஆள்.

இப்போது கேள்வி கேட்கும் விதம். ஒரு நோட்டில் “பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது செத்த வரி. என்றைக்கு, என்ன செய்தார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். “ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி ஒன்பதரைக்கு வந்தேன். வாசப்படியில் தூக்கில் ரசஞ்சோறு. பூனை தள்ளிவிடக் கூடாதென்று மூடிமேல் ஒரு கல் வைத்திருந்தார்” என்று வரும். அந்தக் கல் வருகிறவரைக்கும் கேளுங்கள். கல் வந்துவிட்டால் அந்த வரி எத்தனை முறை படித்தாலும் தேயாது. அப்புறம் ‘ஏன்’: “எங்கள் வீட்டில் விளக்கு எரியாததைப் பார்த்திருக்கிறார்.” கடைசியாக, அது இல்லாமல் போயிருந்தால்? “பட்டினியாகப் படுத்திருப்பேன், காலையில் ஐந்து மணி பஸ்ஸை விட்டிருப்பேன்.” இந்தக் கடைசிக் கேள்வி சும்மா சேர்த்தது இல்லை. ஒரு நல்லது நடந்தது என்று எழுதுவதைவிட, அது நடக்காமல் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எழுதும்போது மனசு அதிகம் நெகிழ்கிறது என்பது 2008இல் வந்த இன்னொரு ஆய்வின் முடிவு.

கடவுளுக்கு நன்றி என்று எழுதுகிறவர்களைத் தடுக்காதீர்கள். “யார் கையால கொடுத்தாரு?” என்று மட்டும் கேளுங்கள்.

எங்கே கெட்டுப்போகும் என்றால், ஒப்பிடுவதில். “அவளுக்கு இதுகூட இல்லையே, நமக்கு இருக்கே” என்பது நன்றி இல்லை, அடுத்தவர் கஷ்டத்தில் குளிர்காய்வது. குழுவில் அந்த ‘அவள்’ எதிரிலேயே பாயில் உட்கார்ந்திருப்பார். இது வாயில் வந்த உடனே பேச்சைத் திருப்பிவிடுங்கள்.

இதை மருந்து என்று நினைக்கவும் வேண்டாம். 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில் மனச்சோர்வு, பதற்றம் இரண்டிலும் நன்றிப் பயிற்சியின் பலன் சிறியதுதான்.

நெல்லூர்ப்பேட்டை வாத்தியார் (வயது வந்தோர் கல்வி):

ஆலோசகர் சொன்னதில் முக்கால்வாசிக்கு உடன்பாடு. நோட்டு விஷயத்தில் இல்லை.

அந்த நோட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். குழுக் கடன் எழுதும் அதே நீள நோட்டாக இருந்தால், பேரும் தேதியும் எழுதிய உடனே அது கணக்காகிவிடும். நம் பக்கத்தில் ஒருவர் பெயரையும் அவர் செய்ததையும் எழுதி வைக்கிற ஒரே நோட்டு மொய் நோட்டு. அதில் ஏறிய ஒவ்வொரு வரியும் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டிய வரி. “நாத்தனார் ஆயிரம் ரூபாய் கொடுத்து உதவினார், நன்றி” என்று எழுதுகிற பெண்ணுக்கு அடுத்த விநாடி நெஞ்சில் வருவது பாரம்தான். அதனால்தான் கடவுளுக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி எழுதுகிறார்கள். அவர்களிடம் பாக்கி கிடையாது! எழுதியே ஆக வேண்டும் என்றால் சின்ன நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ரூபாயை எழுத வேண்டாம், செய்த காரியத்தை மட்டும் எழுதட்டும்.

இன்னொன்று, ‘நன்றி’ என்ற சொல். அது மேடைச் சொல். வீட்டுக்குள் யாரும் யாரிடமும் நன்றி சொல்வதில்லை, சொன்னால் “இன்னா, புதுசா கீது?” என்று சிரிப்பார்கள். ஆனால் அந்த உணர்ச்சிக்கு வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன: “அவ புண்ணியத்துல”, “அவரு மட்டும் இல்லன்னா”, “நல்லா இருக்கட்டும் மகராசி”. “இந்த வாரம் எதற்கு நன்றி?” என்று கேட்பதை விட்டுவிட்டு “இந்த வாரம் யார் புண்ணியத்துல ஓடுச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி மாறினாலே பதில் மாறும்.

நேரமும் தப்பு. வசூல் முடிந்த கையோடு என்றால், தவணை கட்ட முடியாதவர் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அவருக்காக மற்றவர்கள் சேர்ந்து கட்டிய வாரமாக இருந்தால் இன்னும் மோசம். வேறு நாளுக்கு மாற்றுங்கள். பீடி சுற்றும் நேரமே உத்தமம். இலையை நனைத்து வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நுனி மடித்து, நூல் கட்டுகிறவரை கண்ணும் கையும் வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதும் இல்லை. கூச்சமான பேச்சுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் மூன்று நிமிஷம் பேசட்டும், அடுத்தவர் புத்தி சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. முடிந்ததும் கேட்டதில் ஒரே ஒரு பொருளை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும்: “மூடிமேல கல்லு வெச்சாங்களா!” அவ்வளவுதான். நீங்கள் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள். யாராவது குறிப்பெடுத்தால் அறிக்கை எங்கேயோ போகிறது என்று நினைப்பார்கள், மறுபடியும் சோறு கிடைத்ததற்கு நன்றிதான் வரும்.

பாலாற்று மணல் (பிசியோதெரபி):

பக்கவாதக்காரர் வீட்டம்மாவுக்காக மட்டும் எழுதுகிறேன்.

படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நன்றி சொல்ல எதுவும் கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் வேலை நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்காது. புண் வராது, சளி கட்டாது, விழ மாட்டார். நடக்காத ஒன்றை யார் பார்ப்பார்கள்? அதனால் முதலில் அதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கிறார் என்றால், தினமும் ஒரு வேளை உடம்பு துடைக்கும்போது ஐந்து இடம் பார்க்கச் சொல்லுங்கள்: குதிகால், இடுப்பின் பக்க எலும்பு, புட்டத்துக்கு மேலே முதுகின் அடிப்பகுதி, தோள்பட்டை, பின்னந்தலை. சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுக்க வேண்டும். சிவப்பு வெளுத்துத் திரும்பி வந்தால் சரி. வெளுக்காமல் அப்படியே நின்றால் அதுதான் படுக்கைப்புண்ணின் ஆரம்பம், அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் உடனே நர்ஸிடம் காட்ட வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவும். ஐந்து இடமும் சுத்தமாக இருந்தால் காலண்டரில் அந்தத் தேதியில் ஒரு புள்ளி. மாதக் கடைசியில் முப்பது புள்ளி இருந்தால் அது யார் புண்ணியம்? அவருடைய சொந்தக் கையின் புண்ணியம். நன்றி வெளியாளுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது?

கூடவே வாரம் ஒரு அளவு. கட்டில் விளிம்பில் சாயாமல் எத்தனை நிமிஷம் உட்கார்ந்தார் என்று கடிகாரம் பார்த்து எழுதட்டும், விழாமல் பிடிக்கப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். நான்கு நிமிஷம் ஆறாக ஆன வாரத்தில் “எதனால?” என்று கேட்டால், மச்சான் வந்து மூன்று நாள் தூக்கி உட்கார வைத்தது தானாக வெளியே வரும். அளவு ஏறாத வாரங்களும் வரும், அப்போது கேட்காதீர்கள்.

வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் “வலிக்கு நன்றி சொல்” என்ற பேச்சு வேலூரில் அடிக்கடி அடிபடும். அதன் மூலம் பால் பிராண்ட். 1946இல் இங்கே வந்த அறுவை மருத்துவர், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றிக் கை கொடுத்தவர். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, உணர்வு செத்துப்போவதால் சூடு பட்டதும் வெட்டுப்பட்டதும் தெரியாமல் காயம் மேல் காயம்பட்டே தேய்கின்றன என்று அவரும் கூட இருந்தவர்களும் நிலைநாட்டினார்கள். தூக்கத்தில் எலி கடித்தது தெரியாமல் விரல் இழந்தவர்களுக்காகப் பூனை வளர்க்கச் சொன்னதும் அந்தக் காலத்தில்தான். வலி காவல்காரன் என்று அவர் சொன்னது இந்த அர்த்தத்தில். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இன்றைக்கும் அதே பாடம்தான்: ராத்திரிதோறும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், செருப்பைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

ஆனால் ஆறு மாதமாக விடாத முதுகுவலி காவல்காரன் இல்லை. திருடன் போன பின்னும் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய். அதற்கு நன்றி சொல்லச் சொன்னால் கேட்கிறவருக்குக் கோபம்தான் வரும், அது நியாயமும்கூட.

மேரி வர்கீஸ் கதையையும் முதல் சில மாதம் சொல்லாதீர்கள். 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தவர். 1966இல் பாகாயத்தில் திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே தலைமை. உண்மைக் கதை, பெரிய கதை. ஆனால் விபத்துக்கும் நிலையத்துக்கும் நடுவே பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. படுக்கையில் இருப்பவரிடம் முதல் மாதமே சொன்னால், அந்தப் பன்னிரண்டு வருஷத்தை இப்பவே தாண்டு என்று சொன்ன மாதிரி ஆகும். அவர்களாகக் கேட்டால் சொல்லுங்கள்.

குடியாத்தம் மல்லி:

மூன்று பேருக்கும் ‘நல்லா இருங்க’. கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றிவிடலாம், சின்ன நோட்டையும் வாங்கிவிடலாம். ஒரு விஷயம் முதலில் எழுதத் தயக்கமாக இருந்தது. ஒரு நோட்டில் “இன்னிக்கி அவர் அடிக்கல, நன்றி” என்று நான்கு இடத்தில் இருக்கிறது. அதை என்ன செய்வது? பயிற்சியில் நன்றிக் கடிதம் எழுதிப் போய்ப் படித்துக் காட்டச் சொன்னார்கள், அதையும் செய்யலாமா?

பாகாயம் பஸ்:

அந்த வரி நன்றி இல்லை. அடி விழுமா விழாதா என்று ஒருவர் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்தப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். அடிக்கிற வீட்டில் நல்லதைத் தேடச் சொல்வது, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்வதுதான்.

செய்ய வேண்டியது: நோட்டை அவர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கணவர் கையில் கிடைத்தால் ஆபத்து. குழுவில் பேச்சையே எடுக்காதீர்கள். தனியாக, தண்ணீர் பிடிக்கிற இடம் மாதிரி இயல்பாகச் சந்திக்கும் இடத்தில், “அந்த வரியைப் பார்த்தேன். பேசணும்னா நான் இருக்கேன்” என்று மட்டும் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை அவர் மனப்பாடம் செய்யட்டும், போனில் வேறு பெயரில் பதிவு செய்தாலும் சரி. மாவட்டத்தில் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. தங்க இடம், போலீஸ், வக்கீல், மருத்துவம் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து வழிகாட்டுவார்கள். போவதா வேண்டாமா என்பது அவர் முடிவு, நீங்கள் இழுத்துக்கொண்டு போக முடியாது.

மற்றவர்களில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், “இருந்து இன்னா பண்ணப் போறேன்” என்று பேசினால் நோட்டு, கேள்வி எல்லாவற்றையும் ஓரம் வையுங்கள். 14416 டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேரில் என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. துணைக்கு ஓர் ஆள் போக வேண்டும்.

கடிதம் பற்றி. செலிக்மன் குழுவின் சோதனையில் நேரில் போய்ப் படித்துக் காட்டுவதுதான் உடனடியாக அதிகப் பலன் கொடுத்தது, ஆனால் மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது. நம் வீடுகளில் நாத்தனார் முன்னால் நின்று தாளைப் பிரித்துப் படித்தால் இரண்டு பேருக்கும் முள்மேல் நிற்பது போல இருக்கும். ஒரு போன் போதும். மூன்றே வாக்கியம்: என்றைக்கு, என்ன செய்தீர்கள், அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும். அந்தப் பக்கம் “ஐய, அதெல்லாம் இன்னாத்துக்கு இப்போ” என்று சொல்வார்கள். சொல்லத்தான் செய்வார்கள். அங்கேயே நிறுத்திவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடச் சொல்லுங்கள், இழுத்தால் கடன் கேட்கத்தான் அடி போடுகிறாள் என்று நினைப்பார்கள்.

நெல்லூர்ப்பேட்டை வாத்தியார்:

பழைய நோட்டுகளை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள். ஆலோசகர் சொன்ன அந்த ஒன்றை விட்டுவிட்டு, மற்ற நோட்டுகளில் எழுதிய பக்கங்களைக் கிழித்து அவரவரிடம் கொடுத்துவிடுங்கள், மீதிப் பக்கம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட உதவும். அந்த ஒரு நோட்டை மட்டும் அவர் கண் எதிரிலேயே அடுப்பில் போடலாமா, எங்கேயாவது பத்திரமாக வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். தேதி போட்டு எழுதியிருந்தால் பின்னால் புகார் கொடுக்கும்போது உதவக்கூடும், அதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.